பகுதியில் வர்க்கமூலம் இருக்கக் கூடாதா? ஒரு விதியின் வரலாறு



ஆறாம் ஆண்டு வரை என்னிடம் பயின்று, இப்போது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும் மாணவி ஒருத்தி, சென்ற பள்ளி விடுமுறையின்போது தன் தந்தையாருடன் என் இல்லத்திற்கு வந்திருந்தாள். கையில் கூடுதல் கணிதத் தேர்வுத்தாள் இருந்தது. மூலைவிட்டம் 1 மீட்டர் உள்ள சதுரத்தின் பக்க நீளம் யாது என்பது வினா. அவள் 1/√2 மீட்டர் என விடை எழுதியிருந்தாள். அதனைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அருகில் √2/2 எனத் திருத்தி, ஒரு புள்ளியைக் குறைத்திருந்தார்கள்.

"ஐயா, ரெண்டையும் கணிப்பானில தட்டிப் பார்த்தேன். ரெண்டுக்கும் 0.7071067812தான் வருது. ஒரே எண்ணை எழுதினா எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாள்.

"பகுதியில் வர்க்கமூலம் இருக்கக் கூடாது, அம்மா. அது விதி" என்றேன்.

"யார் போட்ட விதி, ஐயா?"

அவளுடைய தந்தையார் சிரித்துவிட்டார். "வாத்தியாரையே மடக்கிட்டா பாருங்க" என்றார். நானும் உடன் சிரித்தேன். ஆனால் அவர்கள் விடைபெற்றுச் சென்ற பிறகு அந்தச் சிரிப்பு நெடுநேரம் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ஓர் ஆசிரியர் சொன்னதை, ஏன் என்று ஒருமுறையேனும் கேளாமல், அப்படியே அவளிடம் ஒப்புவித்திருக்கிறேன். அவள் கேட்டது ஒரு புள்ளிக்காக மட்டும் அன்று. தான் எழுதியது பொய்யா மெய்யா என்பதை அறிய விரும்பினாள். அந்த வினாவிற்கு விடை தேடிப் பழைய கணித நூல்களைப் புரட்டியதன் பயனே இக்கட்டுரை.

கணிதம் மறந்துபோன பெற்றோர்களுக்காகச் செய்முறையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் பெருக்கினால் அதன் மதிப்பு மாறாது என்பதை நான்காம் ஆண்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். 1/√2 என்பதன் மேலும் கீழும் √2 ஆல் பெருக்கினால், கீழே √2 × √2 = 2 ஆகிவிடும்; மேலே √2 நிற்கும். விடை √2/2. இதற்குப் பகுதியை விகிதமுறு எண்ணாக்குதல் என்று பெயர். பகுதியில் இரண்டு உறுப்புகள் இருந்தால், நடுவிலுள்ள குறியை மாற்றிய இணை எண்ணால் பெருக்க வேண்டும். காட்டாக, √3 − √2 என்பதை √3 + √2 ஆல் பெருக்கினால் 3 − 2 = 1 வந்துவிடும்.

எப்படிச் செய்வது என்பதில் சிக்கலே இல்லை. ஏன் செய்ய வேண்டும் என்பதுதான் வினா.

நான் 1980களில் ஐந்தாம் படிவம் படித்தபோது எங்கள் மேசைமீது கணிப்பான் இல்லை. நான்கிலக்க வாய்பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதனைச் 'சிஃபிர் புத்தகம்' என்போம். அட்டை கிழிந்து, அண்ணன்மார் கைமாற்றித் தந்த புத்தகம். அதில் √2 என்பது 1.414. இப்போது ஒரு தாளை எடுத்து 1 ஐ 1.414 ஆல் நெடுவகுத்தல் முறையில் வகுத்துப் பாருங்கள். 10000 இல் 1414 எத்தனை முறை போகும்? ஏழு முறை, 9898 போக மீதி 102. அடுத்து 1020 இல் ஒருமுறைகூடப் போகாது, சுழியம். 10200 இல் மீண்டும் ஏழு... ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஊகிக்க வேண்டும், பெருக்க வேண்டும், கழிக்க வேண்டும். மாறாக √2/2 என்று எழுதினால் 1.414 இல் பாதி 0.707. மனக்கணக்கு, முடிந்தது.

இதைவிட நுட்பமான இடர் ஒன்றும் உண்டு. நாளை எனக்கு √2 இன் மதிப்பு இன்னும் துல்லியமாக, 1.41421356 என்று கிடைக்கிறது எனக் கொள்வோம். பாதியாக்குபவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 0.70710678 என்று எழுதிவிடலாம். வகுப்பவருக்கோ வகுக்கும் எண்ணே மாறிவிட்டது. முழுக் கணக்கையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வர்க்கமூலத்தின் இலக்கங்களோ முடிவில்லாதவை. முடிவில்லாத எண்ணைக் கீழே வைத்து வகுப்பது கையால் கணக்கிடுவோருக்குத் தண்டனை. மேலே வைத்து 2 ஆல் வகுப்பது விளையாட்டு.

ஆக, இது உழைப்பைக் குறைக்கக் கண்ட உபாயம் என்பது விளங்குகிறது. முதன்முதலில் யார் கண்டார்கள்? தனியொருவர் பெயரைச் சொல்ல இயலாது. ஆனால் மிகத் தெளிவாக எழுதி வைத்தவர்களுள் இருவர் இந்தியக் கணித அறிஞர்கள் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நம் பாடநூல்கள் இதனை ஒரு வரியும் சொல்வதில்லை.

இரண்டாம் பாஸ்கரர் கி.பி. 1114இல் பிறந்தவர். 1150இல், தம் முப்பத்தாறாம் அகவையில், 'சித்தாந்த சிரோமணி' என்னும் பெருநூலை வடமொழியில் இயற்றினார். அதன் பகுதிகளே 'லீலாவதி'யும் 'பீஜகணித'மும். லீலாவதியில் செங்கோண முக்கோணங்களைப் பற்றிச் சொல்லி வருகையில் ஒரு கணக்கு வருகிறது. அடிப்பக்கம் மூன்றேகால், செங்குத்துப் பக்கமும் மூன்றேகால்; கர்ணம் எவ்வளவு?

நம் மாணவர்களைப் போலவே செய்வோம். மூன்றேகால் என்பது 13/4. அதன் வர்க்கம் 169/16. இரண்டையும் கூட்டினால் 169/8. இதன் வர்க்கமூலமே கர்ணம். 169 இன் வர்க்கமூலம் 13. எனவே விடை 13/√8. என் மாணவி அகப்பட்டுக்கொண்ட அதே இடத்திற்கு வந்து நிற்கிறோம். சதுரம், மூலைவிட்டம், கீழே ஒரு வர்க்கமூலம்!

பாஸ்கரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முழு வர்க்கமூலம் கிடைக்காத பின்னங்களுக்கு அவர் தரும் வழி இது: தொகுதியையும் பகுதியையும் பெருக்கு, அந்தப் பெருக்குத்தொகையைப் பெரியதொரு வர்க்க எண்ணால் மேலும் பெருக்கு, அதற்கு வர்க்கமூலம் காண், பின்பு அதனைப் பகுதியாலும், நீ தேர்ந்த வர்க்க எண்ணின் மூலத்தாலும் வகு. இங்கே 169 × 8 = 1352. பெரிய வர்க்க எண்ணாக 10000 ஐ எடுத்துக்கொண்டால் 13520000. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3677. இதனை 8 × 100, அதாவது 800 ஆல் வகுத்தால் 4 477/800. இதுவே அவர் காட்டும் விடை. இன்றைய கணிப்பானில் 13/√8 என்று தட்டினால் 4.59619 வரும், பாஸ்கரர் விடை 4.59625. பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை.

தொகுதியையும் பகுதியையும் பெருக்கச் சொன்னதன் சூட்சுமம் யாது? 169/8 இன் மேலும் கீழும் 8 ஆல் பெருக்கினால் 1352/64. கீழே 64, அதன் மூலம் 8, முழு எண். பகுதியில் இருந்த வர்க்கமூலம் மறைந்துவிட்டது. பாஸ்கரர் இதற்கு 'விகிதமுறு எண்ணாக்குதல்' என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை. அவர் நோக்கம் நடைமுறை சார்ந்தது: வர்க்கமூலம் காணும் கடின வேலை ஒருமுறையோடு முடிய வேண்டும், வகுக்கும் எண் 800 போல முழு எண்ணாக இருக்க வேண்டும். 10000 ஆல் பெருக்கியதும் அவ்வாறே. தசமப் புள்ளி இல்லாத காலத்தில் இரண்டு தசம இலக்கங்களைச் சம்பாதிக்கும் வழி அது.

இது தனி வர்க்கமூலத்திற்கு. இரண்டு மூலங்கள் சேர்ந்து பகுதியில் நின்றால்? அதற்குப் பீஜகணிதத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. இத்தகைய எண்களை அங்கே 'கரணி' என்கிறார்கள். பழைய சுல்ப சூத்திரங்களில், கயிறு பிடித்து வேள்வி மேடை அளக்கும் கணக்குகளில், சதுரத்தின் பக்கத்தைக் குறித்த சொல் அது. பிற்காலத்தில், மூலம் காணப்பட வேண்டிய எண் என்ற பொருளுக்கு வந்தது. √ என்னும் குறி அன்று இல்லை. (அது அச்சில் வந்தது 1525இல், ஜெர்மானியர் கிறிஸ்டோஃப் ருடால்ஃபின் நூலில்.) எனவே √18 + √3 என்பதை 'க 18 க 3' என்று எழுதினார்கள், 'க' என்பது கரணியின் முதலெழுத்து. எதிர்ம எண்ணாயின் எண்ணின் மேல் ஒரு புள்ளி வைத்தார்கள்.

பாஸ்கரர் தரும் வகுத்தல் கணக்கு ஒன்று: √9 + √450 + √75 + √54 என்பதை √18 + √3 ஆல் வகுக்க வேண்டும். அவர் வகுக்கும் எண்ணிலுள்ள 3 இன் குறியை மாற்றி, √18 − √3 ஆக்கி, அதனால் இரண்டையும் பெருக்குகிறார். வகுக்கும் எண் 18 − 3 = 15 ஆகிவிடுகிறது. வகுபடும் எண்ணில் பல உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு √5625 + √675 மட்டும் எஞ்சுகிறது. 15 என்பது கரணி வடிவில் √225. வகுத்தால் √25 + √3, அதாவது 5 + √3. ஆசிரியர் நண்பர்கள் ஒருமுறை கரும்பலகையில் போட்டுப் பாருங்கள். இன்று நான்காம் படிவத்தில் 'இணை எண்ணால் பெருக்குக' என்று நாம் கற்பிப்பதும் இதுவும் அணுவளவும் வேறல்ல.

பாஸ்கரருக்கும் இது சொந்தக் கண்டுபிடிப்பன்று. அவருக்கு 522 ஆண்டுகள் முன்னரே, 628இல், பிரம்மகுப்தர் தம் 'பிராஹ்ம ஸ்புட சித்தாந்த'த்தின் பதினெட்டாம் அதிகாரத்தில் இவ்விதியைக் கூறியிருக்கிறார். வகுக்கும் எண்ணில் ஏதேனும் ஒரு கரணியின் குறியை மாற்றிப் பெருக்க வேண்டும். ஒரே உறுப்பு எஞ்சும் வரை அவ்வாறே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் 'திரும்பத் திரும்ப' என்பதில்தான் அவருடைய அறிவுக்கூர்மை தெரிகிறது. 1/(1 + √2 + √3) என்ற கணக்கைக் கொடுத்தால் நம் மாணவர்கள் பலர் திகைப்பார்கள். பிரம்மகுப்தர் வழியில் சென்றால், முதலில் √3 இன் குறியை மாற்றி 1 + √2 − √3 ஆல் பெருக்க வேண்டும். பகுதி 2√2 ஆகிவிடும். அடுத்து √2 ஆல் பெருக்கினால் பகுதி 4. விடை (2 + √2 − √6)/4. இரண்டே அடிகள்.

கிரேக்கர்கள் இதே உண்மையை வேறு வாசல் வழியாக அடைந்திருந்தனர். கி.மு. 300ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிடின் 'மூலகங்கள்' நூலில் பத்தாம் புத்தகம், 115 தேற்றங்களுடன், பதின்மூன்று புத்தகங்களுள் மிக நீளமானது; மிகக் கடினமானதும்கூட. நாம் √3 + √2 என்று எழுதுவதை ஒத்த நீளத்திற்கு 'இரு பெயருடையது' என்றும், √3 − √2 போன்றதற்கு 'வெட்டியெடுக்கப்பட்டது' என்றும் பொருள்படும் பெயர்களை அதில் காணலாம். புத்தகத்தின் இறுதியில், 112ஆம் தேற்றத்திலிருந்து 114 வரை, இவ்விரு வகையும் நீளமும் அகலமுமாக அமைந்து விகிதமுறு பரப்பைத் தரும் என நிறுவப்படுகிறது. இணை எண்ணேதான்! ஆனால் யூக்ளிடுக்கு வகுத்துத் தசமம் காணும் தேவை கிடையாது. எண் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதே அவர் கவலை. என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், இந்தியர் கணக்கைச் சுருக்க வந்தனர், கிரேக்கர் குலம் கோத்திரம் பார்க்க வந்தனர்.

இடையில் ஒரு செய்தி. நம் நாட்டுப் பாடநூலில் 'சர்ட்' என்று வருகிறதே, அதன் மூலப்பொருள் 'செவிடு'. அரபு அறிஞர்கள் சொல்லால் உரைக்க இயலாத எண்ணைச் செவிட்டு எண் என்றார்கள். அது இலத்தீனுக்குச் சென்று 'சர்டஸ்' ஆகி, ஐரோப்பா சுற்றி நம் வகுப்பறைக்கு வந்திருக்கிறது. மலாயில் விகிதமுறா எண்ணை 'நோம்போர் தக் நிஸ்பா' என்கிறோம். அந்த 'நிஸ்பா'வும் அரபுச் சொல்லே. விகிதம் என்பது பொருள்.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். 1972இல் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் எச்.பி.-35 என்னும் கையடக்க அறிவியல் கணிப்பானை 395 அமெரிக்க டாலருக்கு வெளியிட்டது. வர்க்கமூலம், சைன், கொசைன் எல்லாம் ஒரு விசையில் வந்தன. அன்று தொடங்கி, நெடுவகுத்தலின் வலி என்னும் காரணம் மெல்ல மெல்லச் செத்துவிட்டது. கணிப்பானுக்கு 2 ஆல் வகுப்பதும் ஒன்று, 1.41421356 ஆல் வகுப்பதும் ஒன்று. ஆயினும் வேடிக்கை பாருங்கள்: வர்க்கமூலக் குறியுடன் விடை காட்டும் இக்காலக் காசியோ கணிப்பான்களில் 1 ÷ √2 என்று தட்டினால் திரையில் √2/2 என்றே தோன்றும். களைப்பே அறியாத இயந்திரமும் நம் பள்ளிக்கூட வழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது.

பல்கலைக்கழகத்திற்குச் சென்றால் கதை வேறு. புள்ளியியலில் இயல்நிலைப் பரவலை எழுதுவோர் 1/√(2π) என்றுதான் எழுதுகிறார்கள். குவாண்டம் இயற்பியலில் 1/√2 பக்கத்திற்குப் பக்கம் வரும். எவரும் புள்ளியைக் குறைப்பதில்லை.

அப்படியானால் இப்பாடத்தையே எடுத்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. நெடுவகுத்தல் போனாலும் வேறு இரண்டு பயன்கள் போகவில்லை. ஒன்று, விடைகளை ஒப்பிடுதல். ஒரு மாணவன் 1/(√2 − 1) என்கிறான். மற்றவன் √2 + 1 என்கிறான். பார்வைக்கு உறவே இல்லாத இவ்விரண்டும் ஒரே எண். எல்லாரும் ஒரே வடிவத்தில் எழுதினால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

மற்றது, துல்லியம். இதனை ஆசிரியர்கள் வகுப்பில் செய்துகாட்டினால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள். 1/(√50 − 7) என்பதை நான்கிலக்க வாய்பாட்டைக் கொண்டு காண்போம். √50 = 7.071. கழித்தால் 0.071. நான்கு இலக்கங்களில் இரண்டுதான் மிஞ்சின! 1 ஐ அதனால் வகுத்தால் 14.08. இணை எண்ணால் பெருக்கினாலோ பகுதி 50 − 49 = 1; விடை √50 + 7 = 14.071. உண்மை மதிப்பு 14.0711. அதே புத்தகம், அதே 7.071, எழுதிய வடிவம் மட்டுமே வேறு.

கணினிக்கும் இதே நோய் உண்டு. ஆனால் அங்கே சிலவேளை மருந்தைத் தலைகீழாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எட்டு இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் இயந்திரத்தில் √10001 − 100 ஐக் கண்டால் 100.00500 − 100 = 0.005 என்று வரும். இணை எண்ணைக் கொண்டு 1/(√10001 + 100) என மாற்றினால் 0.004999875 கிடைக்கும், அதுவே சரி. இங்கே வர்க்கமூலம் மேலிருந்து கீழே இறங்குகிறது. பகுதியில் மூலம் இருக்கக் கூடாது என்று நான் சொன்ன 'விதி'யை மீறினால்தான் சரியான விடை! நுண்கணிதத்தில் √ சார்பின் வகைக்கெழுவைக் காணும்போதும் தொகுதியைத்தான் விகிதமுறு எண்ணாக்குகிறோம்.

ஆகவே அந்த ஒரு புள்ளியைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 'பகுதியை விகிதமுறு எண்ணாக்குக' என்றோ 'மிகச் சுருங்கிய வடிவில் எழுதுக' என்றோ வினா கேட்டிருந்தால், 1/√2 என்று விடுவது முழு விடையாகாது. நீளம் என்ன என்று மட்டும் கேட்டிருந்தால், 1/√2 தவறன்று. முழுப் புள்ளி கொடுத்துவிட்டு, √2/2 என்ற வழக்கமான வடிவத்தை அருகில் குறித்துக் காட்டியிருக்கலாம். அந்தத் தாளைத் திருத்தியவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதே வட்டத்தைத்தான் போட்டிருப்பேன்.

மாணவியையும் தந்தையாரையும் மறுபடி வரச் சொல்லி இவற்றையெல்லாம் விளக்கினேன். பாஸ்கரரின் மூன்றேகால் கணக்கைக் கொடுத்து, கணிப்பானைத் தந்தையார் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கையால் செய்யச் சொன்னேன். சற்று நேரத்தில் 3677/800 வந்துவிட்டது. உடனே, "ஏன் ஐயா 10000? பத்து லட்சத்தால பெருக்கினா இன்னும் துல்லியமா வருமே?" என்றாள். பெரிய வர்க்க எண் என்றுதான் பாஸ்கரர் சொல்கிறார். நீயே செய்து பார் என்றேன்.

மறுநாள் மாலை தொலைபேசியில் அழைத்தாள். 1352000000 இன் வர்க்கமூலம் 36769.55 வந்ததாம். முழு எண்ணாக்கினால் 36770. 8000 ஆல் வகுத்தால் மீண்டும் அதே 3677/800! "ஒரு சுழியம் கூடினதுதான் மிச்சம், ஐயா. எங்கே தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். தவறு எங்குமில்லை என்றேன். இன்னும் இரண்டு சுழியங்கள் சேர்த்து, பத்துக் கோடியால் பெருக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.